கோடை முகாமில் ஒரு பட்டறை

(இயந்திரவியல் இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன்)



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைச் செயலாளர் அண்ணன் கேட்டபோது, கவிதை எழுதலாமா என்றுதான் முதலில் நினைத்தேன். கவிதைப் பக்கம் நிரம்பி வழிகிறதாம்! கட்டுரைக்குத்தான் ஆள் இல்லையாம். எனக்கு ஓரளவு தெரிந்தது இரண்டே விஷயம். ஒன்று உப்பளம். இன்னொன்று, போன கோடை விடுமுறையில் நான் போய் வந்த கலை முகாம். உப்பளத்தைப் பற்றி எழுதினால் நம் கல்லூரியில் பாதிப் பேருக்கு அது வீட்டுக் கதை. ஆகவே முகாமைப் பற்றி எழுதுகிறேன்.

"படம் வரையறதுக்கும் நாடகம் போடுறதுக்கும் டிப்ளமோவுக்கும் என்னலே சம்பந்தம்?" என்று என் பெஞ்ச் நண்பன் கேட்டான். சம்பந்தம் இருக்கிறது நண்பர்களே. அதைச் சொல்ல நம் ஃபிட்டிங் ஷாப்பிலிருந்தே தொடங்குகிறேன்.

முதலாம் ஆண்டில் அரம் பிடிப்பது எப்படி என்று சார் ஐந்து நிமிடம் செய்து காட்டினார். மீதி நேரமெல்லாம் நாம்தான் தேய்த்தோம். ட்ரை ஸ்கொயரை ஜாப்பின் மேல் வைத்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தால், இடையில் ஒரு கீற்று வெளிச்சம் தெரியும். "இன்னும் தேய்" என்பார். திரும்ப வைஸில் மாட்டுவோம். என்னுடைய முதல் ஜாப் ஸ்கிராப் தொட்டிக்குத்தான் போனது. இரண்டாவதும் போனது. மூன்றாவதற்குத்தான் கை பேசியது. நோட்ஸைப் படித்து அரம் பிடிக்கக் கற்றவன் ஒருவனாவது உண்டா?

வாழ்க்கைத் திறன் என்று சொல்கிறார்களே, அதுவும் இப்படிப்பட்ட ஒரு கை வேலைதான் என்பது என் எண்ணம். 1990களில் உலக சுகாதார நிறுவனம் இளைஞர்களுக்கு வேண்டிய பத்துத் திறன்களைக் குறித்தது. தன்னை அறிதல், பிறர் நிலையில் நின்று உணர்தல், எதையும் சீர்தூக்கிப் பார்த்தல், புதிதாகச் சிந்தித்தல், முடிவெடுத்தல், சிக்கலைத் தீர்த்தல், பேசிப் புரிய வைத்தல், உறவைப் பேணுதல், உணர்ச்சியைச் சமாளித்தல், மன அழுத்தத்தைத் தாங்குதல். இதையே பத்து மதிப்பெண் கேள்வியாகக் கேட்டால் நாம் அனைவரும் வரிசை தவறாமல் எழுதி விடுவோம். ஆனால் ஹால் டிக்கெட்டை மறந்து வந்த அன்று இந்தப் பத்தில் ஒன்று கூட ஞாபகம் வராது! நம் பாடத்திட்டத்திலும் இதை எழுத்துப் பாடமாக வைக்காமல் செய்முறைப் பாடமாக வைத்திருந்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை.

செய்முறை என்றால் பட்டறை வேண்டும். கெட்டுப் போனால் தூக்கிப் போட ஒரு ஸ்கிராப் தொட்டியும் வேண்டும். நிஜ வாழ்க்கையில் அந்தத் தொட்டி கிடையாது. அப்பாவிடம் ஒரு தடவை தப்பாகப் பேசி விட்டால் பேசியதுதான். கலை முகாம் என்பது அந்தத் தொட்டி உள்ள இடம். இதை ஒரு புத்தகத்தில் படித்து நான் சொல்லவில்லை. பட்டுத் தெரிந்து கொண்டேன்.

என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். எங்க அய்யா (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) ஹார்பரில் லோடு வேலை. அம்மா அளத்துக்குப் போகிறார்கள். முதல் செமஸ்டர் பிசிக்ஸ் செய்முறைத் தேர்வில் வெர்னியரில் அளவெல்லாம் சரியாக எடுத்து விட்டேன். வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அன்பாகத்தான் கேட்டார், "லீஸ்ட் கவுண்ட் எவ்வளவு தம்பி?" என்று. 0.01 செ.மீ. எனக்குத் தெரியும். ஆனால் வாய் திறக்கவில்லை. வேர்த்து ஒழுகியதுதான் மிச்சம். தெரியாதவன் என்று அவர் குறித்துக் கொண்டார். தெரிந்தும் சொல்ல முடியாதவனுக்கு எந்த நோட்ஸில் மருந்து இருக்கிறது?

மே மாதம் வந்தது. நம் பக்கத்தில் மே என்றால் உப்பு வாரும் காலம். அளத்தில் ஆள் தேவை. விடுமுறையில் நானும் அம்மாவோடு போய்க் கூலி வாங்கி, அடுத்த கட்டணத்துக்குச் சேர்ப்பது வழக்கம். அதே சமயத்தில் கடலில் மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. 2001-ல் 45 நாளாகத் தொடங்கியது, 2017 முதல் 61 நாள். மீன் முட்டையிட்டுப் பெருகட்டும் என்பதற்கான ஏற்பாடு. தேவையான ஏற்பாடுதான். ஆனால் அந்த இரண்டு மாதமும் கடற்கரை வீடுகளில் காசு புழங்காது, அப்பாமார் வீட்டில் இருப்பார்கள், பள்ளிக்கூடமும் லீவு. பிள்ளைகள் என்ன செய்யும்?

திருச்செந்தூர் சாலையில் ஒரு கடற்கரைக் கிராமத்தில் சில இளைஞர்கள் சேர்ந்து, அந்தப் பிள்ளைகளுக்காகப் பத்து நாள் கலை முகாம் நடத்தினார்கள். 10 வயது முதல் 16 வயது வரை நாற்பது பிள்ளைகள். பெஞ்ச் தூக்க, தண்ணீர் கொண்டு வர, பசை காய்ச்ச ஆள் வேண்டும் என்று என் நண்பனின் அண்ணன் கூப்பிட்டார். சம்பளம் கிடையாது, மத்தியானச் சாப்பாடு உண்டு. பத்து நாள் கூலி போய் விடுமே என்று அய்யா முகத்தைத் திருப்பிக் கொண்டார். அம்மாதான், "போயிட்டு வாலே, அளம் எங்க போயிரப் போவுது" என்றார்கள்.

முதல் நாள் படம் வரைதல். "உங்களுக்குப் பிடித்ததை வரைங்க" என்றதும் நாற்பதில் முப்பது பேர் வரைந்தது என்ன தெரியுமா? இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஆறு, ஒரு குடிசை. தூத்துக்குடிப் பிள்ளைகள் எந்த மலைக்கு நடுவில் சூரியன் உதிக்கக் கண்டார்கள்? நமக்குச் சூரியன் கடலில் அல்லவா உதிக்கிறது! ஓவியம் சொல்லித் தந்த அக்கா கோபப்படவில்லை. "நாளைக்குக் காலையில உங்க வீட்டு வாசல்ல நின்னு என்ன தெரியுதோ அதை மட்டும் பார்த்துட்டு வாங்க" என்று அனுப்பி விட்டார். மறுநாள் தெர்மல் புகைபோக்கி வந்தது, கவிழ்த்துப் போட்ட வள்ளம் வந்தது, நைலான் வலை வந்தது. ஒரு சின்னப் பையன் மட்டும் மறுபடியும் முக்கோணமாக மலையையே வரைந்திருந்தான். அக்கா ஏதோ சொல்ல வாய் எடுக்கும் முன், "அக்கா, இது மலை இல்ல. உப்பு" என்றான். சீர்தூக்கிப் பார்த்தல் என்ற பெரிய வார்த்தைக்கு எனக்குத் தெரிந்த பொருள் இதுதான். சொல்லிக் கொடுத்ததைப் போடாமல், கண்ணால் கண்டதைப் போடுவது.

ஒரு விஷயம் எனக்கு உறுத்தலாக இருந்தது. கடற்கரைப் பிள்ளைகள் ஒரு பக்கம், அளத்துப் பிள்ளைகள் ஒரு பக்கம் என்று தனித்தனியாகத்தான் உட்கார்ந்தார்கள். "எல்லாரும் ஒண்ணா இருங்க" என்று யாரும் பிரசங்கம் செய்யவில்லை. இரண்டாம் நாள் ஒரு விளையாட்டு வைத்தார்கள். இருவர் இருவராகப் பிரித்து, ஒருவர் கண்ணைக் கட்டி, நடுவில் ஒரு கயிறு. கயிற்றை இழுக்கும் சைகையை வைத்தே கண் கட்டியவரைப் பள்ளி மைதானம் முழுக்கக் கூட்டிப் போக வேண்டும். பேசக் கூடாது. கயிற்றைப் பார்த்ததும் ஒரு பையன், "இது சங்கு குளிக்கிற மாதிரில்லா இருக்கு!" என்று கத்தினான்.

உண்மைதான். முத்துக்குளித்துறை என்று பெயர் வாங்கிய கடற்கரை நம்முடையது. நம் பக்கம் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். அந்தக் காலத்தில் குளிப்பவர் கல்லைக் கட்டி மூச்சடக்கி இறங்குவார். மேலே வள்ளத்தில் ஒருவர் கயிறு பிடிப்பார். கீழே இருந்து கயிறு அசைந்ததும் மேலே இழுக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் உயிர் போய் விடும். அதனால் கயிறு பிடிக்க மச்சினனைத்தான் வைப்பார்கள், தங்கச்சி தாலிக்குப் பயந்தாவது ஒழுங்காகப் பிடிப்பான் என்று பெரியவர்கள் சிரித்துக் கொண்டே சொல்வார்கள். அன்றைக்கு அளத்துப் பையன் கண்ணைக் கட்டிக் கொண்டு நடக்க, கடற்கரைப் பையன் கயிறு பிடித்தான். முதல் சுற்றில் கொடிக்கம்பத்தில் மோத விட்டு விட்டான். எல்லாரும் சிரித்தோம். பிறகு மாறிப் பிடித்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் அந்த இருவரும் ஒரே வரிசையில் இருந்தார்கள், அவ்வளவுதான். அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதுவே எனக்கு ஆச்சரியம்.

இதைப் பற்றிப் பிறகு படித்த போதுதான் மட்டக்களப்பைப் பற்றித் தெரிந்து கொண்டேன். இலங்கையில் உள்நாட்டுப் போர் நடந்து கொண்டிருந்த காலம். 1996-ல் மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சித் தோட்டம் ஒன்றைத் திறந்தார்கள். கனடாவைச் சேர்ந்த ஓவியர் பால் ஹோகனும் உள்ளூர்க்காரர்களும் சேர்ந்து தொடங்கியது. போரில் வீட்டையும் உறவையும் இழந்த தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒரே தோட்டத்துக்கு வந்தார்கள். மண் பிசைந்தார்கள், வண்ணம் தீட்டினார்கள், கதை கட்டினார்கள், நாடகம் நடித்தார்கள். வழிநடத்தியவர்கள் அதே பகுதி இளைஞர்கள். ஒருவரை ஒருவர் நம்பப் பயந்த ஊர்களின் பிள்ளைகள் சேர்ந்து களிமண் பிசைந்தது சின்ன விஷயமா? 2004 சுனாமிக்குப் பிறகும் அந்தப் பகுதிப் பிள்ளைகளுக்கு அந்தத் தோட்டம் துணை நின்றது. நம் முகாமை அதோடு ஒப்பிட மாட்டேன். அங்கே குண்டு வெடித்தது, இங்கே வெறும் முகச்சுளிப்புத்தான். ஆனால் மருந்து ஒன்றுதான் என்று தோன்றுகிறது.

அடுத்த மூன்று நாளும் முகமூடி செய்தோம். பலூனை ஊதி, பழைய செய்தித்தாளைக் கிழித்து, மைதாப் பசையில் தோய்த்து, அடுக்கடுக்காக ஒட்டிக் காய வைக்க வேண்டும். பசை காய்ச்சியது அடியேன். ஒரு நாள் அடிப்பிடித்துத் தீய்ந்து போய் வகுப்பறையே நாறியது! இந்த வேலையில் அவசரம் உதவாது. ஈரம் காயும் முன் அடுத்த அடுக்கை ஒட்டினால் முகம் தொங்கி விடும். முகமூடி கிடைத்ததும் நடந்ததை நீங்கள் நேரில் பார்த்திருக்க வேண்டும். நாலு நாளாகப் பெயரைக் கூடச் சத்தமாகச் சொல்லாத ஒரு பெண் பிள்ளை, சுறா முகமூடியை மாட்டியதும் ஊரே அதிரும்படி உறுமினாள். "தன் முகம் தெரியாதுன்னா வெக்கம் போயிரும். வெக்கம் போனா குரல் வரும். குரல் வந்த பிறகு முகமூடியைக் கழட்டலாம்" என்றார் நாடகம் சொல்லித் தந்த அண்ணன். நானும் ஒரு நாள் எல்லாரும் போன பிறகு அதை மாட்டிக் கொண்டு, "லீஸ்ட் கவுண்ட் 0.01 சென்டிமீட்டர் சார்!" என்று கத்திப் பார்த்தேன். சிரிக்காதீர்கள்.

நாடகத்தால் பிள்ளைகளை வளர்ப்பது நம் மண்ணுக்குப் புதிதல்ல. தமிழ் நாடகத் தலைமையாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1867-ல் நம் தூத்துக்குடிக்கு அருகே காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். நாடகத்துக்குப் போகும் முன் உப்புப் பண்டகசாலையில் கணக்கெழுதினார். (உப்புக்காரப் பிள்ளைகளே, கவனிக்கவும்!) 1918-ல் மதுரையில் அவர் அமைத்த தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில், ஆறு வயதுப் பையனாகச் சேர்ந்தவர்தான் பின்னாளில் அவ்வை சண்முகம் என்று புகழ் பெற்ற டி.கே. சண்முகம். அவருக்காகவே அபிமன்யு சுந்தரி நாடகத்தைச் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்தாராம். பாய்ஸ் கம்பெனி வாழ்க்கையை நான் புகழ வரவில்லை. அங்கே அடியும் பசியும் இருந்தன, பள்ளிப் படிப்பு போனது. ஆனால் வசனம் பேசியும் கூடி வாழ்ந்தும் அந்தப் பையன்கள் கற்றதை அடி இல்லாமலும் படிப்பு போகாமலும் பத்து நாளில் கொஞ்சமாவது கொடுக்க முடியுமா என்பதுதான் இன்றைய முகாம்களின் கேள்வி.

இப்போது நம் துறைக்காரர்கள் இருவரை அறிமுகம் செய்கிறேன். முதலாமவர் பாதல் சர்க்கார். வங்க நாடகக்காரர். சிவில் இஞ்சினியரிங் படித்து நகரமைப்புத் துறையில் வேலை பார்த்தவர். மேடை, திரை, விளக்கு எதுவும் வேண்டாம், மனித உடம்பு போதும் என்று நாடகம் போட்டவர். 1980-ல் சென்னைக்கு அருகே சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் அவர் நடத்திய பயிற்சிப் பட்டறை தமிழ்நாட்டு வீதி நாடகத்துக்கு ஒரு திருப்பமாக அமைந்தது. இரண்டாமவர் பிரேசில் நாட்டு அகஸ்டோ போவால் (1931 - 2009). கெமிக்கல் இஞ்சினியரிங் படித்தவர்! அவருடைய முறைக்கு ஃபோரம் தியேட்டர் என்று பெயர். ஒரு சிக்கலை நடித்துக் காட்டுவார்கள், தீர்வு சொல்லாமல் நிறுத்தி விடுவார்கள். பிறகு மறுபடி நடிப்பார்கள். இந்தத் தடவை பார்ப்பவர் யார் வேண்டுமானாலும் 'நிறுத்து' என்று சொல்லி எழுந்து வந்து, சிக்கலில் மாட்டியவர் இடத்தில் நின்று தன் வழியை நடித்துப் பார்க்கலாம். வாயால் யோசனை சொல்லக் கூடாது, செய்து காட்ட வேண்டும். தோற்றால் அடுத்தவர் வரலாம். நான் சொன்ன ஸ்கிராப் தொட்டி இதுதான்.

எங்கள் முகாமில் பிள்ளைகளே கதை கட்டினார்கள். ஒன்பதாம் வகுப்புப் பையன். தடைக்காலத்தில் அவன் அப்பா படகு முதலாளியிடம் முன்பணம் வாங்கி விட்டார். தடை முடிந்ததும் மகனையும் தொழிலுக்குக் கூட்டிப் போகப் பார்க்கிறார். அப்பா வேஷத்துக்கு உயரமான ஆள் வேண்டும் என்று, பசை காய்ச்சிக் கொண்டிருந்த என்னைப் பிடித்து நிறுத்தி விட்டார்கள்.

முதலில் ஒரு பிள்ளை மகனாக வந்து அழுதாள். நான் அசையவில்லை. அடுத்தவன் வந்து "நான் படிக்கத்தான் செய்வேன்" என்று கத்தினான். பதிலுக்கு நான், "படிச்சுக் கிழிச்சவன் எல்லாம் ஹார்பர் வாசல்லதாம்ல நிக்கான்!" என்று கத்தினேன். கத்திய பிறகு எனக்கே திக்கென்றது. அது எழுதி வைத்த வசனம் அல்ல. எங்க அய்யா என்னிடம் சொன்னது. என் தொண்டையில் இருந்து அவர் குரல் வருகிறது. அந்தக் குரலுக்குள் இருந்தது கோபம் இல்லை, பயம் என்று அந்த இடத்தில் நின்ற போதுதான் எனக்குத் தெரிந்தது.

மூன்றாவதாக வந்தான், உப்பு வரைந்த அந்தச் சின்னப் பையன். என் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பா, முன்பணம் எவ்வளவு வாங்கியிருக்கீங்க?" என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை. அதுவரை யாருமே கேட்காத கேள்வி. அண்ணன் நாடகத்தை நிறுத்தி, "அப்பா ஏன் பேசாம நிக்காரு?" என்று பிள்ளைகளைக் கேட்டார். அரை மணி நேரம் ஓடியது அந்தப் பேச்சு. எவ்வளவு, யாரிடம், எத்தனை மாதத்தில் அடைக்கலாம், சனி ஞாயிறில் என்ன செய்யலாம் என்று பிள்ளைகள் கரும்பலகையில் கணக்கே போட்டு விட்டார்கள். முடிவு எப்படி ஆனாலும் அழுகையில் இருந்து கணக்குக்கு வந்து விட்டார்களே, அது பெரிய விஷயம்.

அன்று இரவு அய்யாவிடம் நானும் கேட்டேன். "எனக்குப் பீஸ் கட்ட எங்கிருந்து பணம் எடுத்தீங்க?" ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அம்மா கம்மல் அடகுல கெடக்கு" என்றார். ஒரு வருஷமாக அம்மா காதில் வேப்பங்குச்சி இருந்ததை நான் பார்த்துக் கொண்டுதான் இருந்திருக்கிறேன். கேட்டதில்லை. காலண்டர் பின்பக்கத்தில் நாங்கள் மூவரும் கணக்குப் போட்டோம். இப்போது சனி, ஞாயிறு ஒரு லேத் பட்டறைக்குப் போகிறேன். கம்மல் இன்னும் மீளவில்லை. பாதிப் பணம் சேர்ந்திருக்கிறது. இதை மலரில் எழுதலாமா என்று அய்யாவிடம் கேட்டேன். "எழுது, பேரு போடாத" என்றார்.

எல்லாக் கோடை முகாமும் இப்படி என்று நான் சொல்ல மாட்டேன். பணம் கட்டிச் சேர்த்து, பெற்றோரே வரைந்து கொடுத்து, கடைசி நாள் சான்றிதழோடு போட்டோ எடுத்துக் கொள்ளும் முகாம்களும் உண்டு. பரிசு என்று ஒன்றை வைத்தாலே பிள்ளைகள் மறுபடி மலையும் சூரியனும் வரையத் தொடங்கி விடுவார்கள். தமிழக அரசின் கலை பண்பாட்டுத் துறை பல மாவட்டங்களில் ஜவகர் சிறுவர் மன்றங்களை நடத்துகிறது, 5 முதல் 16 வயது வரை உள்ள பிள்ளைகள் பாட்டு, நடனம், ஓவியம் கற்கலாம், கோடையில் தனிப் பயிற்சியும் உண்டு. வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு அது நல்ல வாசல். உங்கள் தம்பி தங்கச்சிக்கு விசாரித்துப் பாருங்கள்.

பத்து நாளில் எல்லாம் மாறி விடாது என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் நாடகத்தில் மகனாக நடித்த பையன்களில் ஒருவன், தடை முடிந்ததும் படிப்பை விட்டு விட்டான் என்று கேள்விப்பட்டேன். கடன் நாடகத்தில் தீர்வது போல வீட்டில் தீர்வதில்லை. அவனைப் பார்க்க இரண்டு தடவை போனோம். அவன் அம்மா எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள், அவன் வெளியே வரவில்லை. இந்த வருஷமும் போவோம்.

என் கதை? அடுத்த செமஸ்டர் செய்முறைத் தேர்வில் தேர்வாளர் கேள்வி கேட்டார். வாய் திறந்தது. கணீர் என்று பதில் சொன்னேன். பதில்தான் தப்பு! "தப்புன்னாலும் தைரியமா சொல்லுதே, திரும்ப யோசி" என்று சிரித்தார். யோசித்துச் சரியாகச் சொன்னேன்.

வருகிற மே மாதம் அதே ஊரில் மறுபடி முகாம் நடத்தப் போகிறார்கள். இந்தத் தடவை விளக்குப் போட மின்னியல் நண்பர்கள் வேண்டும், மேடைச் சட்டம் அடிக்க கார்ப்பென்ட்ரியில் நல்ல கை உள்ளவர்கள் வேண்டும். சம்பளம் கிடையாது, மத்தியானச் சாப்பாடு உண்டு. வர முடியாதவர்கள் வீட்டில் இருக்கும் பழைய செய்தித்தாளைக் கட்டி, மெக்கானிக்கல் லேப் வாசலில் என்னிடம் கொடுத்தால் போதும். முகமூடி ஒன்றுக்கு நாலைந்து தாள் பிடிக்கிறது.